நாற்பத்தொரு கோடுகள்

திரையில் தன் கையெழுத்தைப் பார்த்ததும் ரைட்டரம்மாவுக்கு முதலில் வந்தது வெட்கம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது வந்ததுதான், சாயங்காலம் வரை போகவில்லை.

கூட்டம் நடந்தது மூடிப்போன நூற்பாலையின் சாப்பாட்டுக் கூடத்தில். அந்தப் பகுதியில் முந்நூறு பேர் ஒன்றாக உட்காரக்கூடிய இடம் அது ஒன்றுதான் மிச்சம். ஷிப்டு நேரம் எழுதிய பலகை இன்னும் சுவரில் தொங்கியது. அதன் பக்கத்தில் வெள்ளைத் துணி கட்டி, மேசைக்கு மேல் மேசை போட்டு ப்ரொஜெக்டரை ஏற்றி, ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தத் துணியில் ஆள் உயரத்துக்கு அவள் கையெழுத்து நின்றது. தேதி, குழி எண், ஆழம், கல், தண்ணீர் என்று ஐந்து கட்டங்கள். தண்ணீர்க் கட்டத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு. அதற்கும் கீழே இன்னொன்று. அதிர்கிற ஆழ்துளை வண்டியில் உட்கார்ந்து போட்டவை என்பதால் எல்லாக் கோடுகளும் வலது பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தன.

“எங்க வாரியம் நாலு இடத்துல துளை போட்டுப் பார்த்துச்சு. நாலும் காய்ஞ்ச பாறை,” என்றார் பாறை நிபுணர். முப்பத்தைந்து வயதுப் பெண். பேச்சில் பகட்டு இல்லை, அதுதான் ஆபத்தாக இருந்தது. “நாலு குழியை வச்சு எப்படிச் சொல்றேன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அதனாலதான் இந்தப் பகுதியிலேயே ரொம்ப அனுபவமுள்ளவரோட பழைய நோட்டுகளை எடுத்தோம். மலையைச் சுத்தி நாற்பத்தொரு குழி. ஒண்ணுலயும் தண்ணி இல்லை.”

நிபுணர் கை காட்டிய திசையில், முதல் வரிசையில், ரைட்டரம்மாவின் கணவர் பாதி எழுந்து பாதி உட்கார்ந்தார். தண்ணீருக்கு ஆழ்துளை, அதாவது போர், போடுகிறவர் என்பதால் ஊரில் அவருக்குப் பெயர் போர்க்காரர். கைதட்டல் நின்ற பிறகும் அவர் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

விஷயம் இதுதான். அணுமின் நிலையங்களில் எரிந்து மிஞ்சிய எரிபொருளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, மலைக்கு அடியில் எழுநூறு அடி ஆழத்தில் குகை குடைந்து வைக்கப் போகிறது அந்த வாரியம். வைப்பது வைப்பதுதான். பேரன் காலத்தில் எடுத்துவிடலாம் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பெட்டிகளுக்கு ஒரே எதிரி தண்ணீர். தண்ணீர் தொட்டால் பெட்டி துருப்பிடிக்கும், உள்ளே இருப்பது தண்ணீரோடு கிளம்பும், கிளம்பினது எங்கேயாவது கிணற்றிலோ குழாயிலோ வந்து சேரும். இதை எதிர்ப்பாளர்கள் யாரும் கிளப்பிவிடவில்லை. வாரியமே அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த புத்தகத்தில் நான்காம் பக்கத்தில் இருந்தது. பாறை காய்ந்திருந்தால்தான் கிடங்கு, இல்லையென்றால் இல்லை.

பாறை காய்ந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அவள் போட்ட கோடுகள். ஒப்புதல் குழுவில் ஒன்பது பேர். சாயங்காலம் நாலு மணிக்குக் கை தூக்க வேண்டும். ஐந்து கை தூக்கினால் ஒப்பந்தம். அதில் கையெழுத்துப் போட்ட பிறகு ஊர் பின்வாங்க முடியாது என்று பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

போர்க்காரரும் அவளும் இருபத்தாறு வருஷம் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள். அவர் குழி போடுவார். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். கல்யாணமான புதிதில் ஆள் கிடைக்காமல் ஒப்புக்கு உட்கார வைத்தது, அவளைப்போல ஒழுங்காக எழுத வேறு ஆள் அமையாததால் அப்படியே நிலைத்துவிட்டது. ரைட்டரம்மா என்பது வண்டியில் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். கம்ப்ரசர் ஓடும்போது காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது, அதனால் எல்லாமே கை ஜாடை. ஒரு விரலை நீட்டினால் ஒரு இஞ்ச் தண்ணீர். இரண்டு விரல் இரண்டு இஞ்ச். மூடிய கையைப் பூப்போலத் திறந்தால் வெறும் புகை, அதாவது கல் தூசு மட்டும். விரலை மடக்கிக் காட்டினால் அரை இஞ்ச். ஆனால் அரை இஞ்ச் என்று அவர் காட்டியதோடு விட்டதே இல்லை. மடக்கிய விரலைக் காட்டிய கையோடு உள்ளங்கையை விரித்துக் காற்றில் ஒரு இழுப்பு இழுப்பார். மோட்டார் போடத் தேறாது, அழித்துவிடு என்று அர்த்தம். அவள் கோடு போடுவாள்.

இது அவர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எல்லா வண்டியிலும் இதே கதைதான். அரை இஞ்ச் என்று நோட்டில் ஏறிவிட்டால் நிலத்துக்காரர் அதை நம்பி மோட்டார் வாங்குவார், பயிர் வைப்பார், கோடையில் அது நின்றுபோனதும் வந்து சட்டையைப் பிடிப்பார். கோடு போட்டுவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. புகைக்கும் கோடு, கசிவுக்கும் கோடு.

ஆனால் எது புகை, எது கசிவு என்று நோட்டைப் பார்க்காமலேயே சொல்ல அவளுக்கு இன்னொரு வழி இருந்தது. துணி துவைத்தவள் அவள்தானே. புகை வந்த நாளில் அவர் சட்டையை வாசலில் வைத்து நாலு உதறு உதறினால் வேலை முடிந்தது. கசிவு வந்த நாளில் தூசும் ஈரமும் சேர்ந்து, பிசைந்த மாவாகக் குழாயிலும் ஒட்டும், கால்சட்டையிலும் ஒட்டும். இரண்டு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் மடிப்பில் சாம்பல் நிறம் போகாது. மலையைச் சுற்றிப் போட்ட குழிகளில் உதறின சட்டை எத்தனை, ஊறவைத்த சட்டை எத்தனை என்று யாராவது வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஒருவரும் கேட்கவில்லை. அவள் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து, பீரோவிலிருந்த பதினொரு நோட்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேடயம் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் மனிதர்.

மதியம் சாப்பாட்டுக்கு விட்டதும் அவரைப் பழைய காருக்குள் தள்ளாத குறையாக ஏற்றி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டாள். கம்ப்ரசர் அவர் காதைத் தின்றுவிட்டதால் அவரோடு சண்டை போட வேண்டுமென்றால் கத்த வேண்டும். ஊர் கேட்கக் கத்த அவளுக்கு இஷ்டமில்லை.

“கோடுன்னா என்னன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

அவர் காதிலிருந்த மெஷினைத் திருகினார்.

“மெஷினைத் தொடாதீங்க. நல்லாத்தான் கேக்குது உங்களுக்கு.”

“கேட்டாங்க, நோட்டைக் குடுத்தேன். அதுல இருக்கிறதைத்தானே அவங்க படிக்கிறாங்க? நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலையே.”

“குறைச்சுச் சொல்லியிருக்கீங்க. அதுல பாதிக்கு மேல கசிவு. நான் துவைச்சிருக்கேன்.”

“அரை இஞ்செல்லாம் ஒரு தண்ணியா? அதை வச்சு ஒரு பாத்தி நனைக்க முடியுமா?”

“மோட்டாருக்குப் பத்தாது. இரும்புப் பெட்டி துருப்பிடிக்கப் பத்தும். அவங்க புத்தகத்துலயே போட்டிருக்கு, ஒரு சொட்டு ஆகாதுன்னு. அந்தப் பொண்ணு அவ்வளவு பேர் முன்னால என் எழுத்தைக் காட்டி ஒரு சொட்டு இல்லைன்னு சொல்லுது. நீங்க எழுந்து நின்னு கும்பிடு போடுறீங்க.”

போர்க்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பக்கம்தான் உட்காருவார்.

“சரி, போய்ச் சொல்லலாம்,” என்றார். “சொன்னா, பதினேழாம் குழியையும் சேர்த்துத்தானே சொல்லணும்?”



பதினேழாம் குழி அவருடைய தம்பியின் நிலத்தில் போட்டது. பத்தொன்பது வருஷம் முன்பு. எண்ணூறு அடி. இருநூற்றுப் பத்தில் விரலை மடக்கினார், அறுநூற்று எண்பதில் மறுபடி மடக்கினார், இரண்டு முறையும் உள்ளங்கையால் அழித்தார். தம்பி வேலியோரம் நின்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்ப்ரசரை நிறுத்தியதும் “என்னண்ணே?” என்றான். “கோடுடா,” என்றார். தம்பிமேல் உயிரையே வைத்திருந்தவர். அரை இஞ்சை நம்பி அவன் இன்னும் பத்து வருஷம் அந்த மண்ணில் கிடந்து சாகக் கூடாது என்று நினைத்தார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அடுத்த மாதமே தம்பி நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு பஸ் ஓட்டப் போனான். பயிருக்குப் பத்தாவிட்டாலும் அந்தத் தண்ணீர் ஒரு வீட்டுக்கும் நாலு மாட்டுக்கும் தாராளமாகப் போதும் என்று அவளுக்கு உறைக்க ஏழெட்டு வருஷம் ஆயிற்று. உறைத்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டாள். அந்த நிலத்தைத்தான் இப்போது வாரியம் வளைத்து வேலி போட்டிருக்கிறது.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். இறக்கினாள். கொழுந்தனேதான். கையில் இரண்டு பிரெட் பொட்டலம், தோளில் குழு உறுப்பினர் என்று அச்சடித்த பட்டை. ஒன்பது பேரில் அவனும் ஒருத்தன். நாலு பேர் வேண்டும் என்கிற கட்சி, நாலு பேர் வேண்டாம் என்கிற கட்சி. வேண்டும் என்று கை தூக்கப் போகிற ஐந்தாவது ஆள் அவன் என்று ஊருக்கே தெரியும், அவனே பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, நீங்க பேசறதுக்கு டோக்கன் வாங்கியிருக்கீங்களாமே?” என்றான், பொட்டலத்தை உள்ளே நீட்டியபடி.

“ஆமா தம்பி. பதினாலாம் நம்பர்.”

“எதிர்த்தா பேசப் போறீங்க?”

அவன் காரின்மேல் சாய்ந்து நின்றான். கோபமாகப் பேசவில்லை, அதனால்தான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

“பேசுங்க. உங்க உரிமை. ஆனா ஒண்ணு அண்ணி. இந்த ஆலை மூடி பன்னிரண்டு வருஷம் ஆச்சு. பள்ளிக்கூடத்துல ஒன்பது பிள்ளைங்க. என் பஸ்ல காலையில ஏறுறவங்க எல்லாம் பெட்டியோட ஏறுறாங்க. திரும்பி வரப்ப சீட்டு காலியா வருது. என் ரெண்டு பிள்ளைங்களையும் நானேதான் கொண்டுபோய் இறக்கிவிட்டேன். இந்தக் கிடங்கு வந்தா முந்நூறு பேருக்கு வேலை. விஷம்னு எனக்குத் தெரியாதா? எங்கேயாவது ஒரு இடத்துல வச்சுத்தானே ஆகணும்? காய்ஞ்ச பாறைன்னா அதுக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். நம்ம பாறை காய்ஞ்சதுன்னு என்னைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?”

சொல்லிவிட்டு அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனான். பிரெட் பொட்டலம் இரண்டும் பிரிக்காமல் அவள் மடியில் கிடந்தன.

“பார்த்தியா?” என்றார் போர்க்காரர். “இவன்கிட்ட போய் என்னன்னு சொல்லுவே?”

“அதைச் சொல்ல வேண்டியது நீங்க.”

“எழுதினவ நீ.”

கார்க் கதவை அவள் சாத்திய சாத்தில் பக்கத்தில் நின்ற நாய் எழுந்து ஓடியது. அவர் சொன்னது உண்மை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வாரியத்தின்மேல் வந்த கோபத்தில் கால் பங்கு அவர்மேல் திரும்பியிருந்தது. இப்போது தன் மேலேயே திரும்பியது. மூன்று கோபத்தையும் சுமந்துகொண்டுதான் மதியக் கூட்டத்துக்குப் போனாள்.

ஒருவருக்கு மூன்று நிமிஷம். மேடையில் நடுவே உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் கையில் சின்ன மணி வைத்திருந்தார். மூன்றாவது நிமிஷம் முடிவதற்குள்ளேயே அடிப்பார், தனக்கு வேண்டியவர்கள் பேசினால் மறந்துபோவார். பதின்மூன்று பேர் பேசினார்கள். வேண்டாம் என்றவர்கள் அழுதார்கள், வேண்டும் என்றவர்கள் அதட்டினார்கள், இரண்டு தரப்பிலும் பாறையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பாறை முடிந்துபோன விஷயம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நாற்பத்தொரு கோடு இருக்கும்போது வேறென்ன செய்வார்கள்?

“பதினாலு,” என்றார் எழுத்தர். கூட்டத்தில் பேசுவதையெல்லாம் குறிப்பெடுப்பது அவர் வேலை.

ரைட்டரம்மா மைக்குக்கு முன்னால் போனாள். “கிடங்கு வேணும், வேண்டாம்னு சொல்ல நான் வரலை,” என்றாள். “காலையில நீங்க துணியில காட்டினது என் எழுத்து. அதுல ஆறாவதா ஒரு கட்டம் இருக்கு. அதைக் காணோம். அதையும் காட்டுங்க.”

நிபுணர் முகத்தைச் சுளித்தார். “எங்கிட்ட அஞ்சு கட்டம்தாம்மா இருக்கு.”

“நோட்டு உங்க மேசையில இருக்கே.”

இருந்தது. பதினொரு நோட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எண் ஒட்டி, பொதுமக்கள் பார்வைக்கு என்று அட்டை எழுதி வைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஒருவரும் பார்வையிடவில்லை. ரைட்டரம்மா போய் நான்காவது உறையைக் கிழித்தாள். வாரியத்து அதிகாரி “அம்மா, அதைத் தொடக் கூடாது” என்று எழுந்தார். “நான் தொடாத பக்கம் இதுல ஒண்ணு காட்டுங்க,” என்றாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஆறாவது கட்டத்துக்குக் குறிப்பு என்று பெயர். யாரும் சொல்லி எழுதியதில்லை. வேலை ஏன் தாமதமானது என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்வதற்காக அவளாக எழுதி வைத்தது. மைக்கைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள்.

“குழி பதினாறு. முந்நூத்தி நாப்பது அடியில சேறு. குழாய் அடைச்சது. தட்டி எடுக்க ஒரு மணி நேரம். குழி பதினேழு.” மேடைப் பக்கம் பார்க்காமல் தொடர்ந்தாள். “இருநூத்திப் பத்துல சேறு, அறுநூத்தி எண்பதுல சேறு. குழாய் ரெண்டு தடவை அடைச்சது. குழி பதினெட்டு. ஒண்ணுமில்லை, சீக்கிரம் முடிஞ்சது. குழி பத்தொன்பது. ஐநூத்தி அறுபதுல சேறு.”

நிபுணர் எழுந்து நின்றுவிட்டார். “காய்ஞ்ச பாறையில சேறு வராது,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு அதிகாரியைப் பார்த்தார். “எனக்கு அனுப்பின நகல்ல இந்தக் கட்டம் ஏன் இல்லை?”

“பக்கம் அகலமா இருந்துச்சு மேடம்,” என்றார் அதிகாரி. “திரையில அடங்கலை. தண்ணி வரைக்கும் போதும்னு வெட்டினோம்.”

ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்கடியில் கிடக்கப் போகிற பெட்டிகளின் தலையெழுத்தை இந்த மகாராசன் துணியின் அகலத்துக்கு வெட்டியிருக்கிறார். வந்த ஆத்திரத்தில் ரைட்டரம்மா நோட்டை மேசையில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

தலைவர் மணியை அடித்தார். “நேரம் முடிஞ்சுதும்மா. சேறு, குழாய் எல்லாம் வண்டிப் பிரச்சினை. தண்ணிக் கட்டத்துல கோடுதானே போட்டிருக்கீங்க? கோடுன்னா இல்லைன்னுதானே அர்த்தம்?”

“கோடுன்னா மோட்டாருக்குத் தேறாதுன்னு அர்த்தம். தண்ணி இல்லைன்னு அர்த்தம் இல்லை.”

“அதுக்கு அத்தாட்சி?”

“அதோ உக்காந்திருக்காரே, அவரைக் கேளுங்க.”

தலைவர் மைக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மைக் செத்தது. உடனே கூடம் எழுந்துவிட்டது. வேண்டும் என்றவர்கள் அவளை இறக்கச் சொல்லிக் கத்தினார்கள், வேண்டாம் என்றவர்கள் நோட்டைக் காட்டச் சொல்லிக் கத்தினார்கள், பின்வரிசையில் யாரோ நாற்காலியைத் தரையில் அடித்தார்கள். முதல் வரிசையில் போர்க்காரர் காதிலிருந்த மெஷினைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தில் மெஷின் அவருக்கு வெறும் வலியைத்தான் கொடுக்கும்.

ரைட்டரம்மா கத்தவில்லை. சத்தத்தில் வேலை செய்து பழகியவள். அவருக்கு நேராக நின்று, இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினாள், பிறகு ஏழு விரலை. பிறகு உள்ளங்கையை மேலே திருப்பினாள். என்ன வந்தது என்று கேட்க வண்டியில் அவள் செய்கிற ஜாடை அது.

போர்க்காரர் அவளைப் பார்த்தார். பிறகு மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தார். தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஜாடை எதுவும் அவனுக்குத் தெரியாது. அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தான், வேலியோரம் நின்ற அன்றைக்குப்போலவே.

அவள் மறுபடி கேட்டாள். பத்து, ஏழு. என்ன வந்தது?

அவர் கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலை மடக்கினார். எல்லாரும் பார்க்கிற உயரத்தில் அந்த விரல் நின்றது. அடுத்து உள்ளங்கை விரிந்து காற்றில் இழுக்கப் போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் இழுக்கவில்லை.

“அரை இஞ்ச்,” என்று அவள் சத்தமாகச் சொன்னாள்.

பதினெட்டு. அவர் மூடிய கையைத் திறந்தார். “புகை. அது நிஜமாவே காய்ஞ்ச குழி,” என்றாள். பத்தொன்பது, மடக்கிய விரல். இருபது, மடக்கிய விரல். இருபத்தொன்று, புகை. முன்வரிசைக்காரர்கள் முதலில் அடங்கினார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசையும். நிபுணர் தன் காகிதத்தைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தார். இருபத்தேழாம் எண்ணுக்கு வந்தபோது எழுத்தர் தயங்கித் தயங்கித் தலைவரிடம் கேட்டார்.

“ஐயா, இதையெல்லாம் குறிப்புல ஏத்தவா?”

“ஒண்ணும் ஏத்த வேண்டாம்,” என்றார் தலைவர். “மணி நாலாச்சு. வேணும்கிறவங்க கை தூக்குங்க.”

நாலு கை எழுந்தது. தலைவர் ஐந்தாவது கைக்காக வலது பக்கம் பார்த்தார். அந்த நாற்காலி காலியாக இருந்தது.

கொழுந்தன் மேடையை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். அண்ணனுக்கு முன்னால் வந்தபோதும் நிற்கவில்லை. போர்க்காரர் எழுந்து “டேய்” என்றார், மெஷின் இல்லாததால் எவ்வளவு சத்தமாகச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அவன் திரும்பாமல் மேசைக்கு வந்து, எழுத்தர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினான்.

“அரை இஞ்சா அண்ணி?”

“ஆமா தம்பி.”

“அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“ரெண்டு பேருக்குமா?”

“ரெண்டு பேருக்கும்.”

அவன் நோட்டைப் பதினேழாம் குழி இருந்த பக்கத்தில் விரித்து, அவள் முன்னால் தள்ளி, பேனாவை நீட்டினான்.

“எழுதுங்க. நான் பார்க்கணும்.”

“இது ஆவணம். இதுல யாரும் எதுவும் எழுதக் கூடாது,” என்றார் அதிகாரி.

“நீ வாயை மூடு,” என்றான் கொழுந்தன். பத்தொன்பது வருஷமாகப் பயணிகளிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவன் என்று பெயரெடுத்தவன் அவன்.

ரைட்டரம்மா எழுதினாள். கோட்டை அடிக்கவில்லை, அது கிடக்கட்டும் என்று விட்டாள். அதற்கு மேலேயே அரை இஞ்ச் என்று எழுதி, பக்கத்தில் இன்றைய தேதியைப் போட்டாள். அன்றைய தேதிக்கும் இன்றைய தேதிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

அவன் குனிந்து அதைப் படித்தான். ஒரு தடவைக்கு மேல் படித்திருப்பான் போல, நிமிர அவ்வளவு நேரமானது. பிறகு தோளில் இருந்த பட்டையைக் கழற்றி நோட்டின்மேல் வைத்துவிட்டு, ஐந்து மணி பஸ்ஸை எடுக்க வேண்டும் என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு வெளியே போனான்.